குடியும் குடியாட்சியும்

ஜனநாயகத்தைத் தமிழில் குடியாட்சி என்றும் வழங்குகிறோம். கல்முனை, சம்மாந்துறை, அக்கரைப்பற்று ஆகிய ஊர்களிலே வாழும் நமக்கு இச்சொல்லின் முற்பாதி தனிப்பொருள் உடையது. இங்கே குடி என்பது தாய்வழி வந்த கிளை. தந்தை எக்குடியினராயினும் பிள்ளை தாயின் குடியையே சேரும்.

குடியின் பேரால் மரைக்காயர் அமர்வதே இவ்வூர்ப் பள்ளிவாசல்களின் பழைய நிர்வாக முறை. அயலிலுள்ள தமிழர் கோயில்களில் வண்ணக்கர்மார் அமர்வதும் இம்மரபிலேதான். சமயம் வேறு, சபை கூட்டும் கணக்கு ஒன்று! வாக்குச்சீட்டு அறியாத காலத்துப் பிரதிநிதித்துவம் இது. இதனைப் பொற்காலம் என்று போற்றுவதும் நமக்கு உடன்பாடன்று. போடியாரும் அவர் நிலத்தில் உழைத்த வயற்காரனும் ஆளுக்கொரு குடியைச் சேர்ந்தவர்களே. ஆனால் சபையில் எவர் சொல் ஏறியது என்பதைச் சொல்லவும் வேண்டுமோ? குடி தாயால் வந்தது, வீடு மகளுக்குச் சீதனமாயிற்று, மரைக்காயரோ ஆண்.

குலத்தை விடுத்து ஊரை அடிப்படையாகக் கொள்ளும் முயற்சி மிகப் பழையது. கி.மு. 508 அளவில் ஏதென்சில் கிளைஸ்தனீஸ் பழைய நான்கு குலங்களை ஒதுக்கி, ஊர்வட்டங்களைக் கொண்டு பத்துப் பிரிவுகளை வகுத்தார். பெண்களும் அடிமைகளும் அங்கேயும் வெளியேதான் நின்றனர்.

இலங்கையில் அம்மாற்றம் 1931இல் டொனமூர் அரசியல் திட்டத்தோடு வந்தது. அதற்குமுன் கல்வியும் சொத்தும் வருமானமும் பார்த்து, மக்களில் நூற்றுக்கு நால்வர் அளவினருக்கே வாக்குரிமை இருந்தது. டொனமூர் குழுவினர் பெண்களுக்கு முப்பது வயது என்றனர். சட்டமோ இருபாலாருக்கும் இருபத்தொன்று என்றது. இனவாரி ஆசனங்களும் ஒழிந்தன. போடியாரின் மனைவியும் வயற்காரனின் மனைவியும் சட்டத்தின் கண்ணில் ஒரே எடையாயினர். குடிமுறை நூற்றாண்டுகளாகச் செய்யாததை ஓர் அந்நிய அரசின் ஆணை செய்தது. இதை ஒப்புக்கொள்வதில் நமக்குக் கூச்சம் வேண்டியதில்லை.

எனினும் தலையெண்ணிக்கை மட்டுமே நீதியாகிவிடாது. 1948இல் நிறைவேறிய பிரஜாவுரிமைச் சட்டம் மலையகத் தோட்டத் தொழிலாளரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கிற்று. அதனைச் செய்தவன் கொடுங்கோலன் ஒருவனல்லன். தேர்ந்தெடுக்கப்பட்ட சபையின் பெரும்பான்மை! சிறு குடியினர் பேச ஓர் இருக்கை வேண்டும் என்ற பழைய கணக்கில் ஏதோ உண்மை இருந்தது என்று அப்பொழுதுதான் தோன்றுகிறது. 1978ஆம் ஆண்டு யாப்பின் விகிதாசார முறை அக்கணக்கை வேறு வடிவில் மீட்டது. 1989இல் அம்முறையிலேதான் திகாமடுல்லை மாவட்டத்திலிருந்து எம். எச். எம். அஷ்ரஃப் நாடாளுமன்றம் சென்றார்.

பெண்களின் கணக்கு இன்னும் தாமதமாயிற்று. உள்ளூராட்சி மன்றங்களில் நூற்றுக்கு இருபத்தைந்து இடம் அவர்களுக்கு என்னும் சட்டத்தின் கீழ் 2018இல்தான் முதல் தேர்தல் நடந்தது. நாடெங்கும் அவ்வாறு வந்தவர்களிற் பெரும்பாலோர் வட்டாரத்தில் வென்றவரல்லர். கட்சிப் பட்டியலின் வழியே வந்தவர். பட்டியலை எழுதிய கை எவருடையது என்பதை மாணவர்கள் தத்தம் ஊரில் விசாரித்துப் பார்க்கலாம். பள்ளிவாசல் நிர்வாகத்துக்கு அத்தகைய ஒதுக்கீடு எதுவும் இல்லை. குடியின் பெயரைத் தாயிடமிருந்து பெற்ற ஆண்களே அங்கே அமர்கின்றனர்.