சான்றிதழ் வாங்கியவர்கள்

எகிப்தின் மணலுக்கடியிலிருந்து கிடைத்த பாப்பிரஸ் ஏடுகளில் நாற்பதுக்கு மேற்பட்டவை ஏறக்குறைய ஒரே வாசகம் கொண்டவை. தேதியிட்டவை எல்லாம் கி.பி. 250 ஜூன், ஜூலை மாதங்களைச் சேர்ந்தவை. முதலாவது ஏடு 1893இல் அச்சில் வெளிவந்தது. மனுதாரரின் பெயர், பெற்றோர் பெயர், ஊர்; சிலவற்றில் வயதும் அங்க அடையாளமும். தேவர்களுக்கு எப்போதும் பலியிட்டு வந்திருப்பதாகவும், இப்போதும் ஆணைப்படி அதிகாரிகள் முன்னிலையில் பலியிட்டு, மது வார்த்து, படைத்ததைச் சுவைத்ததாகவும், அதற்குச் சான்று வேண்டுமென்றும் மனு கோருகிறது. கீழே சாட்சிக் கையெழுத்து. டயோஜெனீஸ் என்பவருக்கு வயது 72, வலது புருவத்தில் தழும்பு. முதலைத் தெய்வத்தின் பூசாரிணி ஒருத்தியும் இதே சான்றிதழை வாங்கியிருக்கிறாள். நான் வங்கி குமாஸ்தா. படிவங்களின் பாஷை எனக்குப் பழக்கம். மனுதாரரின் மனசாட்சியில் படிவத்துக்கு அக்கறை கிடையாது. பூர்த்தி செய்யப்பட்டிருக்கிறதா என்பது மட்டுமே அதன் கேள்வி. ஆனால் கிறிஸ்தவ சமயத்தில் மன்னிப்புக்கு எல்லை உண்டா என்ற விவாதத்தை நடுத்தெருவுக்குக் கொண்டுவந்தது இந்தப் படிவம்தான்.

249இல் ரோமானியச் சக்கரவர்த்தியான டீசியஸ், சாம்ராஜ்யத்தின் குடிகள் எல்லோரும் தேவர்களுக்குப் பலியிட வேண்டுமென்று ஆணையிட்டான். பூசாரிணிக்கு இதில் சிரமமில்லை. ஒரே கடவுளைத் தவிர வேறு தெய்வமில்லை என்று ஞானஸ்நானம் பெற்றவர்களுக்கு இது மறுதலிப்பு. ரோமாபுரியின் பிஷப் ஃபேபியன் 250 ஜனவரியில் உயிரிழந்தார். பெரும்பான்மையோர் அவர் வழியில் போகவில்லை. வட ஆப்பிரிக்காவில், இன்றைய துனீசியாவிலிருந்த கார்த்தேஜ் நகரத்தின் பிஷப் சிப்ரியன் எழுதிவைத்திருக்கும் காட்சி ஒன்று உண்டு. பலியிடக் கூட்டம் தானாகவே போய்ச் சேர்ந்தது. பொழுது சாய்ந்ததும் நாளைக்கு வாருங்கள் என்றார்கள் அதிகாரிகள். எங்களை இன்றே முடித்து அனுப்புங்கள் என்று ஜனங்கள் மன்றாடினார்களாம்.

இவர்களை லத்தீனில் 'லாப்ஸி' என்றார்கள். வழுக்கி விழுந்தவர்கள் என்று பொருள். அவர்களிலும் வகை இருந்தது. பலியிட்டவர்கள் ஒரு வகை; தூபம் மட்டும் இட்டவர்கள் இன்னொன்று. மூன்றாவது வகை சுவாரஸ்யமானது. அவர்கள் பலிபீடத்தின் பக்கமே போகாமல், காசு கொடுத்துச் சான்றிதழை மட்டும் வாங்கிக்கொண்டவர்கள். கை சுத்தமாயிருக்கிறது, காகிதம் மட்டுமே பொய் சொல்கிறது என்பது அவர்கள் கட்சி. ரோமாபுரியில் ஒரு பெண் பலியிடும் குன்றை நோக்கிப் பாதி வழி ஏறி, பணம் கொடுத்துவிட்டுத் திரும்பி வந்தாள் என்று ஒரு கடிதம் சொல்கிறது. அவள் விழுந்தவளா, தப்பியவளா?

வேதாகமத்தில் இதற்குத் தீர்ந்த விடை கிடையாது. ஏழெழுபது தரம் மன்னிக்கச் சொன்னவர்தான், பரிசுத்த ஆவிக்கு விரோதமான தூஷணத்துக்கு மன்னிப்பில்லை என்றும் சொன்னார். எபிரெயருக்கு எழுதப்பட்ட நிருபம், ருசி பார்த்தபின் மறுதலித்தவர்களைத் திரும்பவும் புதுப்பிப்பது கூடாத காரியம் என்கிறது. ஆனால் எஜமானை மூன்று முறை மறுதலித்த பேதுருவே திருச்சபையின் தலைமகன். இரண்டாம் நூற்றாண்டில் ரோமில் எழுதப்பட்ட 'ஹெர்மாஸின் மேய்ப்பன்', ஞானஸ்நானத்துக்குப் பின் ஒரே ஒரு மனந்திரும்புதலுக்கு இடம் தந்தது. கார்த்தேஜின் தெர்த்துல்லியன் தன் கடைசிக் காலத்தில், விக்கிரக ஆராதனை, விபசாரம், கொலை ஆகியவற்றை மன்னிக்கத் திருச்சபைக்கு அதிகாரமில்லை என்று வாதாடினான்.

துன்புறுத்தல் தணிந்ததும் விழுந்தவர்கள் திரும்பிவந்து வாசலில் நின்றார்கள். மன்னிக்கும் உரிமை யாருக்கு என்ற தகராறு அங்கே ஆரம்பித்தது.

முதலில் உரிமை கொண்டாடியவர்கள் சிறையில் கிடந்து பட்டினியும் தாகமும் அனுபவித்தவர்கள். கார்த்தேஜில் பவுலுஸ் என்ற சாட்சி சாகுமுன், கேட்பவர்களுக்கெல்லாம் என் பெயரால் சமாதானம் கொடு என்று சகாவான லூசியானுஸிடம் சொல்லிவிட்டுப் போனான். லூசியானுஸ் கடிதங்களை வழங்கினான். சிலவற்றில் முழுப் பெயர்கூடக் கிடையாது. இன்னாரும் அவரைச் சேர்ந்தவர்களும் என்றிருக்கும். இந்தக் கடிதத்துக்கும் அரசாங்கச் சான்றிதழுக்கும் லத்தீனில் சொல் ஒன்றே: லிபெல்லுஸ். ஒரு சீட்டைக் காட்டித் தப்பியவன் இன்னொரு சீட்டைக் காட்டி உள்ளே நுழையப் பார்த்தான்.

சிப்ரியன் இதை எதிர்த்தார். ஒரு சீட்டைக் காட்டி இருபது முப்பது பேர் வந்து நிற்கலாம் என்றார். அவருடைய நிலைமை சங்கடமானது. 250இன் தொடக்கத்திலேயே அவர் தலைமறைவாகிவிட்டார்; அடுத்த ஆண்டுதான் ஊர் திரும்பினார். சிறைப்பட்டவன் மன்னிக்கிறான், ஒளிந்திருந்தவர் பொறுங்கள் என்கிறார். அனுபவித்தவனின் உரிமையா, பதவியில் இருப்பவரின் உரிமையா என்று கேட்டால், முதல் பார்வையில் நம் மனசு சிறைப்பட்டவன் பக்கம்தான் சாயும்.

மூன்றாவது குரல் ரோமாபுரியிலிருந்து வந்தது. நொவேஷியன் நன்றாகப் படித்த மூப்பர். திரித்துவத்தைப் பற்றி நூல் எழுதியவர். 251இல் கொர்னேலியஸ் பிஷப்பானதை ஏற்காமல் தானும் பிஷப்பாக அபிஷேகம் செய்துகொண்டார். விழுந்தவன் அழட்டும், கடவுள் மன்னித்தாலும் மன்னிப்பார், ஆனால் திருச்சபை அவனைப் பந்தியில் சேர்க்க முடியாது என்பது அவர் நிலை. கொர்னேலியஸே சான்றிதழ் வாங்கியவர் என்று அவர் தரப்பில் வதந்தியும் பரவியது. சிப்ரியன் அதை மறுத்தார். நொவேஷியன் கூட்டத்தாருக்குச் 'சுத்தர்கள்' என்று பெயர். பல நூற்றாண்டுகள் தனிச் சபையாக இருந்தார்கள்.

நொவேஷியனை வெறும் பிடிவாதக்காரர் என்று தள்ளிவிட முடியாது. மன்னிப்பைக் கடவுளிடம் விடுவதில் ஒரு அடக்கம் இருக்கிறது. மனிதன் தன்னிடம் இல்லாத அதிகாரத்தை எடுத்துக்கொள்ளக் கூடாது என்ற தர்க்கம் அது. இந்தப் பக்கங்களைப் படிக்கிறவர்களுக்கு அவர்மேல் ஒரு சாய்வு இருப்பதும் இயல்பே. எண்ணிக்கையைவிடச் சுத்தத்தைப் பெரிதாக நினைக்கும் சிறு கூட்டம் நம்முடையது. வெகுஜனப் பத்திரிகைக்கு எழுதிவிட்டு வந்தவனை மறுபடி சேர்ப்பதா என்று காரசாரமாக விவாதித்தவர்கள் நாம். ஆனால் நொவேஷியனின் அடக்கத்துக்கான விலையை வாசலுக்கு வெளியே நிற்பவன்தான் கொடுக்கிறான். கடவுளின் முடிவு தெரியும்வரை அவனுக்கு மனித சகவாசம் இல்லை.

251இல் கார்த்தேஜில் கூடிய பிஷப்புகள் எடுத்த முடிவு பார்வைக்குக் கவர்ச்சியற்றது. அது ஒரு குமாஸ்தா வேலை. காசு கொடுத்துச் சான்றிதழ் வாங்கியவர்களை ஒவ்வொருவராக விசாரித்துச் சேர்த்துக்கொள்வது. பலியிட்டவர்கள் தவம் இருந்தால் சாகும் தருவாயில் சமாதானம் கொடுப்பது. இதை விளக்கி அன்டோனியானுஸ் என்ற பிஷப்புக்குச் சிப்ரியன் எழுதிய கடிதம் முக்கியமானது. கூப்பிட்டவுடன் ஓடிப்போய்ப் பலியிட்டவனும், நெடுநேரம் எதிர்த்துப் போராடிவிட்டு விழுந்தவனும் ஒன்றா என்று கேட்கிறார். குடும்பம் முழுவதையும் இழுத்துக்கொண்டு போனவனும், மனைவி மக்களைக் காப்பாற்றத் தான் ஒருவன் மட்டும் பலிபீடத்துக்குப் போனவனும் ஒன்றா? இந்தக் கேள்விகள் லூசியானுஸுக்கு எழவில்லை. அவன் எல்லோரையும் மொத்தமாக மன்னித்தான். நொவேஷியனுக்கும் எழவில்லை, அவர் எல்லோரையும் மொத்தமாக விலக்கினார். இருவருக்குமே அந்த மனிதனின் முகம் தேவைப்படவில்லை. சிப்ரியனின் கணக்குப் புத்தகத்தில்தான் அவனுக்கென்று ஒரு வரி இருந்தது.

அந்தப் புத்தகத்திலும் எல்லை உண்டு. ஆரோக்கியமாக இருந்தபோது தவமே இருக்காமல், நோய் வந்தபின் சமாதானம் கேட்பவனுக்குக் கொடுக்க வேண்டாம் என்று அதே கடிதத்தில் சொல்கிறார். அவனைக் கேட்க வைப்பது சாவு பயம், மனந்திரும்புதல் அல்ல என்பது காரணம். இந்த இடத்தில் எனக்குச் சிப்ரியன்மேல் தயக்கம் வருகிறது. சாகிறவனின் நெஞ்சுக்குள் பயம் எங்கே முடிந்து மனஸ்தாபம் எங்கே தொடங்குகிறது என்று எந்தக் கணக்கன் பிரித்துப் பார்க்க முடியும்?

அலெக்ஸாண்டிரியா பிஷப் டயோனீஷியஸ் எழுதிய ஒரு சம்பவத்தை யுசீபியஸின் திருச்சபை வரலாறு பாதுகாத்துத் தந்திருக்கிறது. செராப்பியோன் என்ற கிழவர் பலியிட்டவர். பலமுறை கேட்டும் யாரும் அவரைச் சேர்த்துக்கொள்ளவில்லை. நோயில் மூன்று நாள் பேச்சற்றுக் கிடந்து, நாலாம் நாள் நினைவு வந்ததும் பேரனை மூப்பரிடம் அனுப்பினார். இரவு வேளை, மூப்பருக்கும் உடல்நலமில்லை. அவர் நற்கருணை அப்பத்தில் சிறு துண்டைச் சிறுவனிடம் கொடுத்து, தண்ணீரில் நனைத்துத் தாத்தாவின் வாயில் விடச் சொன்னார். சிறுவன் அப்படியே செய்தான். கிழவர் விழுங்கினார், உயிர் பிரிந்தது.

புதிய துன்புறுத்தல் வரும் என்ற அச்சத்தில், கார்த்தேஜ் பிஷப்புகள் ஓரிரு ஆண்டுகளுக்குள் தவத்தில் இருந்த எல்லோருக்குமே சமாதானம் கொடுத்தார்கள். சிப்ரியன் 258 செப்டம்பர் 14 அன்று தலை வெட்டுண்டு இறந்தார். இந்த முறை அவர் ஒளியவில்லை. 325இல் நைசியா சங்கம், நிர்ப்பந்தமில்லாமலே விழுந்தவர்களுக்குப் பன்னிரண்டு வருடத் தவத்தைப் படிப்படியாக வகுத்தது. சாகிற எவனுக்கும், அவன் கேட்டால், நற்கருணையை மறுக்கக் கூடாது என்றும் விதித்தது. எழுபது வருடங்களில் எல்லை அவ்வளவு தூரம் நகர்ந்திருந்தது. அதே சங்கத்துக்கு வந்த சுத்தர்களின் பிஷப்பிடம், ஏணி வைத்துத் தனியாகவே மோட்சத்துக்கு ஏறிக்கொள்ளும்படி கான்ஸ்டன்டைன் சொன்னதாகச் சரித்திராசிரியர் சாக்ரடீஸ் எழுதுகிறார்.

கணக்கு வைத்த மன்னிப்பு பின்னால் எங்கே போய் முடிந்தது என்பதும் தெரிந்ததே. தவத்துக்கு அளவு வைத்தால் அதற்கு விலையும் வைக்கலாம். 1517இல் லூதர் எதிர்த்த மன்னிப்புச் சீட்டு வியாபாரத்தின் தூரத்து மூதாதையாகச் சிப்ரியனின் பட்டியலைச் சொன்னால் தவறில்லை. அப்படியும் நான் பட்டியலின் பக்கமே நிற்கிறேன். அது விசாரித்தது; தப்பை ஒப்புக்கொண்டு திருத்தப்படவும் இடம் கொடுத்தது. சுத்தத்துக்கு அப்படித் திருத்திக்கொள்ளும் வழி இல்லை.