கோட்டையும் குண்டும் இருபடிச் சமன்பாடும்

மும்பையின் தாராவியில், மித்தி ஆற்றை அடுத்து, குடியிருப்புகளுக்கு நடுவே ஒதுங்கி நிற்கிறது காலா கில்லா என்னும் கறுப்புக் கோட்டை. ஆளுநர் ஜான் ஹார்ன் ஆணைப்படி 1737இல் கட்டப்பட்டதென்று அதன் கல்வெட்டு கூறுகிறது. ஆற்றுக்கு வடக்கே போர்ச்சுகீசியர் வசமிருந்த சாஷ்டித் தீவின்மீது மராட்டியர் படையெடுத்ததும் அவ்வாண்டிலேதான். மதிலின்மேல் நின்ற பீரங்கி வீரனுக்குத் தெரிய வேண்டியது ஒன்று: சுட்ட குண்டு எங்கே போய் விழும்?

இதற்குக் கலிலியோ 1638இலேயே விடை கூறியிருந்தார். எறியப்பட்ட பொருள் முன்னோக்கி ஒரே வேகத்தில் செல்கிறது. கீழ்நோக்கி விழும் தூரமோ காலத்தின் வர்க்கத்திற்கேற்ப வளர்கிறது. ஆகவே பாதை பரவளையம். விழும் நேரத்தைத் தருவது இருபடிச் சமன்பாடு.

மாதுங்காவிலும் செம்பூரிலும் நம் பள்ளி மாணவர் போடும் கணக்கு ஒன்றைப் பார்ப்போம். 20 மீட்டர் உயர மதிலின் விளிம்பிலிருந்து விநாடிக்கு 15 மீட்டர் வேகத்தில் ஒரு கல்லை மேல்நோக்கி எறிகிறோம். புவியீர்ப்பு முடுக்கத்தை 10 எனக் கொண்டால், காலத்தின் வர்க்கத்திலிருந்து காலத்தின் மும்மடங்கையும் 4ஐயும் கழிக்கச் சுழி மிஞ்சும். விடைகள் இரண்டு: 4, −1. நான்காம் விநாடியில் கல் தரையைத் தொடும். மற்றதை மாணவர் அடித்துவிடுவர். பொருந்தாத விடையை 12ஆம் நூற்றாண்டிலே பாஸ்கராச்சாரியரும் தள்ளியதுண்டு. எனினும் இந்த −1 வெறும் பிழையன்று. ஒரு விநாடி முன்னதாகத் தரையிலிருந்து 25 மீட்டர் வேகத்தில் எறிந்த கல்லும், நாம் எறியும் அக்கணத்தில் மதில் உயரத்தை இதே வேகத்தோடு கடந்திருக்கும். சமன்பாடு அதையும் சேர்த்தே சொல்கிறது.

கல்லுக்குப் பொருந்தியது குண்டுக்குப் பொருந்தவில்லை. காலா கில்லா எழுந்த ஐந்தாம் ஆண்டில், 1742இல், பெஞ்சமின் ராபின்ஸ் என்னும் ஆங்கிலக் கணித அறிஞர் இதனை மெய்ப்பித்தார். கனத்த ஊசல் ஒன்றைத் தொங்கவிட்டு, துப்பாக்கிக் குண்டை அதில் பாய்ச்சி, அது ஆடிய அளவைக் கொண்டு குண்டின் வேகத்தைக் கணித்தார். விநாடிக்கு 1650 அடி வேகத்தில் செல்லும் 24 ராத்தல் குண்டு, பரவளையக் கணக்கின்படி ஏறத்தாழ 16 மைல் போக வேண்டும்; உண்மையில் 3 மைல்கூடப் போகாது. காற்றின் தடை அக்குண்டின் எடையைப்போல் இருபது மடங்குக்கும் மேற்பட்டது என்று அவர் கண்டார். பெருங்கணிதர் ஆய்லர் 1745இல் அந்நூலை விளக்கவுரையோடு ஜெர்மன் மொழியில் பெயர்த்தார்.

இந்த ராபின்ஸைத்தான் கிழக்கிந்தியக் கம்பெனி தன் கோட்டைகளைச் செப்பனிட இந்தியாவுக்கு அனுப்பியது. பணி முற்றுப்பெறுமுன், 1751இல், நம் கடலூரை அடுத்த செயின்ட் டேவிட் கோட்டையில் அவர் காலமானார்.