காசிக்குப் போய்வரும் தூரம்

நம் சேதுக்கரைப் பக்கத்துக்காரர்களுக்கு நெடுந்தூரப் பயணம் என்றால் முதலில் நினைவுக்கு வருவது காசி யாத்திரைதான். ராமேஸ்வரத்தில் கடலாடி, மணல் எடுத்துக்கொண்டு காசிக்குப் போய்க் கங்கையில் கரைத்து, அங்கிருந்து தீர்த்தம் கொண்டுவந்து ராமநாத சுவாமிக்கு அபிஷேகம் செய்தால்தான் யாத்திரை பூர்த்தி என்பார்கள். ரயில் வருவதற்கு முன் இதை நடந்தே முடித்தவர்கள் உண்டு. போய்வர ஏறக்குறைய 5,000 கிலோமீட்டர்.

இந்தத் தூரத்தை ஒற்றைக்காலோடு, அதுவும் தன் ஊர்ப் பக்கத்திலேயே ஓடி ஓடிச் சேர்த்த ஒரு பையனைப் பற்றி இன்று எழுதுகிறேன். பெயர் டெர்ரி ஃபாக்ஸ். கனடா நாட்டுக்காரர். புற்றுநோய் ஆராய்ச்சிக்குப் பணம் திரட்ட அவர் 1980-ல் ஓடிய ஓட்டம் உலகம் அறிந்தது. அதற்கு முன் 14 மாதம் அவர் செய்த பயிற்சியைப் பற்றித்தான் அதிகம் பேர் பேசுவதில்லை.

ஃபாக்ஸ் பிறந்தது 1958-ல். கூடைப்பந்து என்றால் உயிர். 1977-ல், 18 வயதில், வலது முழங்காலில் வலி என்று போனவருக்கு எலும்புப் புற்றுநோய் என்றார்கள். முழங்காலுக்கு மேலே காலை எடுத்துவிட்டார்கள். அறுவை சிகிச்சைக்கு முந்தைய இரவு, பள்ளியில் அவருக்குப் பயிற்சி கொடுத்தவர் ஒரு பத்திரிகைக் கட்டுரையைக் கொண்டுவந்து கொடுத்தார். டிக் டிராம் என்பவர் செயற்கைக் காலோடு நியூயார்க் மாரத்தானை 1976-ல் ஓடி முடித்த செய்தி அது. விதை அங்கேதான் விழுந்தது.

அதற்குப் பிறகு 16 மாதம் கீமோதெரபி. பிழைக்கும் வாய்ப்பு பாதிக்குப் பாதி என்று அவரிடம் சொன்ன மருத்துவர்கள், இரண்டு வருடத்துக்கு முன் இதே நோய் வந்திருந்தால் 100 பேரில் 15 பேர்தான் பிழைத்திருப்பார்கள் என்றும் சொன்னார்கள். இடைப்பட்ட அந்த இரண்டு வருடத்தில் நடந்த ஆராய்ச்சிதான் தன் உயிரைக் காத்தது என்று அவருக்கு விளங்கிவிட்டது. அந்த வார்டிலேயே கூட இருந்த பலர் இறப்பதையும் கண்ணால் பார்த்தார். ஆராய்ச்சிக்குப் பணம் வேண்டும், அதை நான் திரட்டுவேன் என்று முடிவு செய்தார்.

1979 பிப்ரவரியில் பயிற்சி தொடங்கியது. வீட்டாரிடம் சொன்னது, ஒரு மாரத்தானுக்குத் தயாராகிறேன் என்று மட்டும். கனடாவைக் குறுக்கே ஓடிக் கடக்கும் திட்டத்தை மனசுக்குள்ளேயே வைத்துக்கொண்டார். அந்தக் காலத்துச் செயற்கைக் கால் நடப்பதற்குச் செய்யப்பட்டது, ஓடுவதற்கு அல்ல. ஒவ்வொரு முறையும் அந்தக் கால் திரும்பி முன்னால் வர நேரம் பிடிக்கும். அதுவரை நல்ல காலால் கூடுதலாக ஒரு தத்து தத்த வேண்டும். வெட்டுப்பட்ட இடம் உராய்ந்து புண்ணாகும், ரத்தம் வரும். முதல் 20 நிமிடம்தான் கொடுமை, அதைத் தாண்டிவிட்டால் வலி ஓரளவு பழகிவிடும் என்று கண்டுகொண்டார்.

அந்த வருடம் செப்டம்பரில் பிரின்ஸ் ஜார்ஜ் என்ற ஊரில் 27 கிலோமீட்டர் பந்தயம் ஒன்றில் ஓடினார். கடைசியாக வந்தார். அவருக்கு முன்னால் வந்தவர் 10 நிமிடம் முன்பே முடித்திருந்தார். ஆனாலும் மற்றவர்கள் காத்திருந்து கண்ணீரோடு கைதட்டினார்கள். வீட்டுக்கு வந்துதான் உண்மையான திட்டத்தைச் சொன்னார். பெற்ற தாய்க்கு எப்படி இருக்கும்! முதலில் வேண்டாம் என்றவர், பிறகு அவரே பக்கபலமாக நின்றார். ஒரு நாளும் விடாமல் 101 நாள் ஓடியவர், அம்மா கேட்டதற்காகக் கிறிஸ்துமஸ் அன்று மட்டும் ஓடாமல் இருந்தார். பயிற்சி முடிந்தபோது கணக்கில் 5,000 கிலோமீட்டருக்கு மேல் இருந்தது.

1980 ஏப்ரல் 12 அன்று நாட்டின் கிழக்குக் கோடியில், செயிண்ட் ஜான்ஸ் என்ற ஊரில், செயற்கைக் காலை அட்லாண்டிக் கடலில் நனைத்துவிட்டு ஓட ஆரம்பித்தார். ஒரு நாளைக்குச் சுமார் 42 கிலோமீட்டர். ராமநாதபுரத்தில் கிளம்பிப் பாம்பனைத் தொடுகிற தூரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். தினம் அந்த அளவு. கூடவே ஒரு வேனில் நண்பர் வருவார்.

ஆரம்பத்தில் பல ஊர்களில் யாரும் ஏறிட்டும் பார்க்கவில்லை. கியூபெக் மாநிலத்தில் கார்க்காரர்கள் ரோட்டை விட்டே ஒதுக்கித் தள்ளினார்கள். ஆனால் அன்று 10,000 பேர் வசித்ததாகச் சொல்லப்படும் போர்ட் ஓ பாஸ்க் என்ற சிற்றூர் மட்டும் 10,000 டாலருக்கு மேல் திரட்டிக் கொடுத்தது. ஆளுக்கு ஒரு டாலர்! நாடு முழுவதும் இப்படிக் கொடுத்தால் என்ன என்று அங்கிருந்து யோசனை வளர்ந்தது. கனடாவின் அன்றைய மக்கள்தொகை 2 கோடியே 40 லட்சம். அதுவே இலக்கானது. டொராண்டோ போய்ச் சேர்ந்தபோது 10,000 பேர் கூடினார்கள். அந்த ஒரே நாளில் ஒரு லட்சம் டாலர் சேர்ந்தது.

வழியில் உடம்பு சரியில்லாதபோதும் மருத்துவரிடம் போக மறுத்தார். இருமலும் நெஞ்சு வலியுமாக ஓடியவர், செப்டம்பர் 1 அன்று தண்டர் பே ஊருக்கு அருகே நிற்க வேண்டியதாயிற்று. 143 நாளில் 5,373 கிலோமீட்டர். புற்று நுரையீரலுக்குப் பரவியிருந்தது. 1981 பிப்ரவரியில் நிதி 2 கோடியே 40 லட்சம் டாலரைத் தாண்டியது. ஜூன் 28 அன்று ஃபாக்ஸ் காலமானார். வயது 22.

அந்த செப்டம்பரிலேயே அவர் பெயரில் முதல் ஓட்டம் நடந்தது. 3 லட்சம் பேர் கலந்துகொண்டார்கள். இதில் பரிசும் இல்லை, ஜெயித்தவர் தோற்றவரும் இல்லை. ஓடலாம், நடக்கலாம், சைக்கிளிலும் வரலாம். சென்னை ஐஐடி வளாகத்திலும் இந்த ஓட்டம் நடந்திருக்கிறது. இதுவரை சேர்ந்த தொகை 80 கோடி டாலருக்கு மேல்.

சிறு துளியாகச் சேர்த்துப் பெரிய காரியம் முடிப்பது நமக்கும் தெரியாததல்ல. தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, இந்திய மாதர் சங்கத்தின் நிவாரண நிதி மூலம் பொதுமக்களிடம் திரட்டித்தான் அடையாறு புற்றுநோய் மருத்துவமனைக்கு வழி செய்தார். 1952-ல் நேரு அடிக்கல் நாட்ட, 1954-ல் 12 படுக்கைகளோடு திறந்தார்கள். டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும் டாக்டர் சாந்தாவும் ஆயுள் முழுக்க அங்கேயே உழைத்தார்கள். நம் மாவட்டத்திலிருந்து நோயாளியை அழைத்துக்கொண்டு அங்கே போய்வந்த குடும்பங்களுக்கு அதன் அருமை தெரியும்.

நம் வயதில் 42 கிலோமீட்டர் ஓடச் சொல்லவில்லை. மாதப் பென்ஷனில் ஒரு சிறு தொகையை எடுத்துவைத்து, வருட முடிவில் இப்படிப்பட்ட ஒரு மருத்துவமனைக்கு அனுப்பலாம். இன்னொன்றும் உண்டு. உடம்பில் ஆறாத புண், கட்டி, விடாத இருமல், காரணமில்லாமல் எடை குறைவது என்று ஏதாவது இருந்தால், ‘வயசானால் அப்படித்தான்’ என்று தள்ளிப்போடாமல் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். அந்தப் பையன் ஓடித் திரட்டிய பணத்தால் வளர்ந்த வைத்தியம், நேரத்தோடு போகிறவருக்குத்தான் முழுசாக உதவும்.