நூறாண்டு வெள்ளம்

இங்கிலாந்தின் தென்மேற்கே, டெவன் மாவட்டக் கடலோரத்திலே லின்மத் என்னும் சிற்றூர் உளது. எக்ஸ்மோர் மேட்டுநிலத்திலிருந்து பாறைகளினூடே இறங்கிவரும் கிழக்கு லின், மேற்கு லின் எனும் இரு சிற்றாறுகள் அவ்வூரிற் கூடிக் கடலை அடைகின்றன. 1952 ஆம் ஆண்டு ஓகஸ்ட் 15 ஆம் நாள் அம்மேட்டுநிலத்தில் ஒரு நாளுக்குள் ஏறக்குறைய ஒன்பது அங்குல மழை பொழிந்தது. முன்னரே ஊறியிருந்த நிலம் மேலும் நீரை ஏற்கவில்லை. அன்றிரவு பெருங்கற்களையும் மரங்களையும் உருட்டிக்கொண்டு வந்த வெள்ளம் வீடுகளையும் பாலங்களையும் பெயர்த்தெறிந்தது. மாண்டவர் 34 பேர்.

இவ்வழிவில் மனிதர் கைக்கும் பங்குண்டு. கட்டடங்களுக்கு இடம் தேடியவர்கள் மேற்கு லின் ஆற்றை ஒடுக்கி, மூடிய கால்வாய் ஒன்றினூடே செலுத்தியிருந்தனர். அக்கால்வாய் கல்லாலும் மரத்தாலும் அடைபட, ஆறு தன் பழைய வழியை நாடி ஊரின் நடுவே பாய்ந்தது.

இத்தகைய வெள்ளம் எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை வரும்? பாலம் கட்டுவோனும் வீடு கட்டுவோனும் கேட்க வேண்டிய வினா இது. விடை கூறுவதோ எளிதன்று. பேராறுகளிலே நீர்மட்டத்தை நாள்தோறும் அளந்து எழுதிவைத்த ஏடுகள் உண்டு. சிற்றோடையை அளப்பார் யார்? வெள்ளம் வடிந்தபின் பொறியியலாளர் சுவர்களிற் படிந்த சேற்றுக்கோட்டையும், ஓடையின் அகலத்தையும் சரிவையும் அளந்து, சென்ற நீரின் அளவைக் கணிக்கின்றனர். நீரோட்டத்தின் வேகத்தைக் கணிக்க அவர்கட்கு உதவும் சூத்திரம் அயர்லாந்துப் பொறியியலாளர் ரொபேட் மானிங் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் வகுத்தது. அளவு இவ்வாறு கிடைக்கும், அருமை கிடைக்காது.

அருமையைக் கணிக்கும் முறைக்கு உழைத்தவர்களுள் எமில் கும்பெல் குறிப்பிடத்தக்கவர். 1891 இல் மியூனிக் நகரிற் பிறந்த இவர், அரசியற் கொள்கைக்காக ஹைடெல்பேர்க் பல்கலைக்கழகப் பதவியை இழந்து, பிரான்சு சென்று, பின்னர் அமெரிக்காவிற் குடியேறினார். ஒவ்வோர் ஆண்டிலும் வந்த மிகப் பெரிய வெள்ளத்தை மட்டும் எடுத்து வரிசைப்படுத்தினால், அவ்வரிசை ஒரு கணித விதிக்கு அமையும் என்பது அவர் காட்டிய வழி. ஆற்று வெள்ளங்களைப் பற்றிய அவரது கட்டுரை 1941 இல் வெளிவந்தது.

'நூறாண்டு வெள்ளம்' என்னும் சொல் இங்கேதான் பலரை ஏமாற்றுகின்றது. ஒருமுறை வந்துவிட்டால் அடுத்த நூறாண்டுக்கு அச்சமில்லை என்று அதற்குப் பொருளன்று. எந்த ஆண்டிலும் அது வரும் வாய்ப்பு நூறில் ஒன்று என்பதே பொருள். அவ்வாறாயின், முப்பதாண்டு அங்கே குடியிருப்பவன் அதனை ஒருமுறையேனும் காணும் வாய்ப்பு நூற்றுக்கு 26 ஆகும். ஒரு வீட்டின் ஆயுளோடு ஒப்பிட்டால் இது சிறிய வாய்ப்பன்று. முப்பதாண்டு அளவுகளை மட்டும் வைத்துக்கொண்டு முந்நூறாண்டு வெள்ளத்தை மதிப்பிடும்போது பிழை பெருகுவதும் இயல்பே. இக்குறையை ஈடுசெய்ய, 1975 இல் பிரித்தானியாவில் வெளியான வெள்ள ஆய்வு அறிக்கை, அளவீடு உள்ள ஆறுகளின் அனுபவத்தை நிலப்பரப்பு, மழை, மண்வகை ஆகியவற்றைக் கொண்டு அளவீடு இல்லாத ஓடைகளுக்குப் பொருத்தும் முறையை வகுத்தது. பழைய ஏடுகளும் கைகொடுக்கும். லின்மத்தைப் பதினெட்டாம் நூற்றாண்டிலும் ஒரு பெருவெள்ளம் தாக்கியமை பதிவாகியுள்ளது. யாரோ ஒரு கணக்கன் போகிற போக்கில் எழுதிவைத்த ஒரு வரி, பிற்காலத்துப் பொறியியலாளனுக்குப் பொன் பெறும்.

லின்மத் அழிந்து சரியாக 52 ஆண்டுகளின் பின், 2004 ஓகஸ்ட் 16 ஆம் நாள், அயல் மாவட்டமான கோர்ன்வாலிலுள்ள பொஸ்காசில் என்னும் ஊரை வலென்சி ஓடை மூழ்கடித்தது. அந்த ஓடை நீர் திரட்டும் நிலம் ஏறக்குறைய 20 சதுர கிலோமீற்றரே. பட்டப்பகலில் வந்தமையாலும், ஹெலிகொப்டர்கள் ஏறக்குறைய நூறு பேரைக் கூரைகளிலிருந்தும் மரங்களிலிருந்தும் தூக்கியெடுத்தமையாலும் ஓர் உயிரும் போகவில்லை. ஆய்ந்தவர்கள் அதனை ஏறக்குறைய நானூறாண்டு வெள்ளம் என்று மதிப்பிட்டனர். அதன் பின்னர் ஓடையை அகலமாக்கி ஆழப்படுத்தினர். பாலத்தையும் மாற்றிக் கட்டினர். 2007 ஜூன் மாதத்தில், மூன்றாண்டுகூட நிறையாத வேளையில், வலென்சி மீண்டும் ஊருக்குள் புகுந்தது. இம்முறை வந்தது முந்தியதினும் மிகச் சிறியது.