மழையூரில் மொரிஸ் மைனர்

எஹலியகொடையில் கார் வைத்திருந்தவருக்கு எஞ்சினைவிட மழைதான் பெரிய கவலை. இரத்தினபுரிப் பக்கம் ஆண்டுக்கு 3,500 மில்லிமீற்றர் அளவில் பெய்யும். 1960-களில் அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டால் இறக்குமதி இறுகியது. 1977 வரை தோட்டத்து மொரிஸ் மைனர்களும் ஒஸ்டின்களும் இறுகி வெடித்த கண்ணாடி றப்பரோடுதான் ஓடின. சுற்றிலும் றப்பர்த் தோட்டம், அந்த ஒரு றப்பருக்கு மட்டும் பஞ்சம்! எனக்கு இன்றும் மனம் ஆறவில்லை.

எனக்குத் தொழில் பழக்கிய பாஸ், “ஈரம் தெரியிற இடத்தில ஓட்டை இருக்காது தம்பி” என்பார். விரிப்பைக் கழற்றித் தரையைத் துடைத்துப் பழைய பேப்பர் பரப்புவோம். அவர் வெளியே நின்று குழாய்த் தண்ணீரைக் கீழிருந்து மேலாக, கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுவார். மேலிருந்து ஊற்றினால் எங்கே புகுந்தது என்றே தெரியாது. நான் டோர்ச்சோடு உள்ளே படுத்து முதல் துளிக்குக் காத்திருப்பேன்.

கண்ணாடியைத் திரும்பப் பூட்ட, றப்பர் பள்ளத்தில் நூல்கயிறு சுற்றுவோம். வெளியே ஒருவர் கண்ணாடியை அழுத்த, உள்ளே நான் கயிற்றை இழுப்பேன். விளிம்பு தகரத்தின் மேல் ஏறி உட்காரும்.

பல கார்களில் ஓட்டையே இருக்காது. வைப்பருக்குக் கீழே வடிகால் துளையில் இலை அடைத்திருக்கும். இன்றைய ஜப்பான் கார்களிலும் அதே கதைதான். மழை தொடங்குமுன் அந்த இலையை ஒருதரம் அள்ளிவிடுங்கள்.