மதுரைப் புறநகர்க் கழிவுநீர் மேலாண்மை

மதுரைப் புறநகர்க் கழிவுநீர் மேலாண்மை என்பது, தமிழ்நாட்டின் மதுரை மாநகரிலும் அதைச் சூழ்ந்த சமவெளியிலும் பாதாளச் சாக்கடை சென்றடையாத குடியிருப்புகளில் உருவாகும் கழிவுநீரைச் சேகரித்தல், தூய்மைப்படுத்தல், வெளியேற்றல் ஆகிய செயல்களைக் குறிக்கும். இப்பகுதிகளில் பெரும்பாலான வீடுகள் செப்டிக் டேங்க் என வழங்கும் கழிவுநீர்த் தொட்டியையும் உறிஞ்சுகுழியையும் நம்பியுள்ளன. அகன்ற மனையில் அமைந்த தனிவீட்டிற்கென வகுக்கப்பட்ட இம்முறை, சிறு மனைகளில் பல குடும்பங்கள் வாழும் அடுக்கு வீடுகளுக்குப் போதுமானதாக இருப்பதில்லை. தொட்டியில் தங்கும் கசடைவிட, அதிலிருந்து நாள்தோறும் வெளியேறும் நீரே இங்கு முதன்மையான சிக்கலாகும்.

வரலாறு

மதுரை 1866ஆம் ஆண்டில் நகராட்சியாகவும், 1971ஆம் ஆண்டில் மாநகராட்சியாகவும் ஆனது. நகரின் பழைய பகுதிகளில் பாதாளச் சாக்கடை அமைக்கும் பணி 1920களில் தொடங்கியது. சேகரிக்கப்பட்ட கழிவுநீர் நகருக்குத் தெற்கேயுள்ள அவனியாபுரத்திற்கு இறைக்கப்பட்டு, அங்கிருந்த கழிவுநீர்ப் பண்ணையில் கால்நடைத் தீவனப் புல் வளர்க்கப் பயன்பட்டது.

ஜவகர்லால் நேரு தேசிய நகர்ப்புறப் புனரமைப்புத் திட்டம் 2005ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டபோது அதில் இடம்பெற்ற நகரங்களுள் மதுரையும் ஒன்று. இத்திட்டத்தின் கீழ் இரண்டு சுத்திகரிப்பு நிலையங்கள் அமைக்கப்பட்டன. அவனியாபுரத்தை அடுத்த வெள்ளைக்கல்லில் அமைந்த நிலையம் நாளொன்றுக்கு 125 மில்லியன் லிட்டர் கொள்ளளவும், வைகைக்கு வடக்கே சக்கிமங்கலத்தில் அமைந்த நிலையம் 45.7 மில்லியன் லிட்டர் கொள்ளளவும் உடையவை.

மாநகராட்சியின் எல்லை 2011ஆம் ஆண்டில் விரிவாக்கப்பட்டது. ஆனையூர், திருப்பரங்குன்றம், அவனியாபுரம் ஆகிய நகராட்சிகளும், திருநகர், ஆர்விபட்டி, விளாங்குடி ஆகிய பேரூராட்சிகளும், 11 கிராம ஊராட்சிகளும் மாநகருடன் இணைக்கப்பட்டன. இதனால் வார்டுகளின் எண்ணிக்கை 72இலிருந்து 100 ஆகவும், பரப்பு ஏறத்தாழ 52 சதுர கிலோமீட்டரிலிருந்து ஏறத்தாழ 148 சதுர கிலோமீட்டராகவும் உயர்ந்தன. நகரின் பரப்பு ஒரே நேரத்தில் மும்மடங்கிற்கு அருகில் பெருகியது. சாக்கடைக் குழாய்களோ அதன்பின் பகுதி பகுதியாகவே நீட்டிக்கப்பட வேண்டியிருந்தது. மாநகர எல்லைக்கு வெளியே நாகமலை புதுக்கோட்டை, ஒத்தக்கடை, கருப்பாயூரணி போன்ற இடங்களிலும் வயல்கள் மனைப்பிரிவுகளாக மாறி வந்துள்ளன.

நிலவமைப்பும் மண்ணும்

மதுரைச் சமவெளியின் பெரும்பகுதி கடினப் பாறையின் மேல் அமைந்தது. நைசு, சார்னோகைட்டு ஆகிய பாறைகளின் மேல் சிதைந்த பாறைப் படிவமும், அதன்மேல் செம்மண் அல்லது கரிசல் மண்ணும் காணப்படுகின்றன. வைகைக் கரையோரத்தில் வண்டல் மண் உண்டு. உறிஞ்சுகுழியின் செயற்பாட்டை மண்ணின் தன்மையே முடிவு செய்கிறது:

- வண்டல், மணல் கலந்த மண்: நீரை எளிதில் ஏற்கும். ஆனால் நிலத்தடி நீர்மட்டம் மேலே இருக்கும் இடங்களில் கழிவுநீர் போதிய அளவு வடிகட்டப்படாமலேயே கிணற்றை அடையக்கூடும்.
- கரிசல் மண்: ஈரம்பட்டால் உப்பி இறுகுவதால் நீரை மிக மெதுவாகவே ஏற்கும்.
- பாறை மேலே தென்படும் இடங்கள்: குழியில் விட்ட நீர் பாறைப் பிளவுகள் வழியே வடிகட்டப்படாமல் நெடுந்தொலைவு செல்லக்கூடும்.

ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வடகிழக்குப் பருவமழையால் மண் நீர்தோய்ந்திருக்கும்போது உறிஞ்சுகுழிகள் நிரம்பி வழிவது இயல்பு. கோடையில் குறையின்றி இயங்கும் குழி மழைக்காலத்தில் பயனற்றுப் போவதற்கு இதுவே காரணமாகும்.

கழிவுநீர்த் தொட்டியும் உறிஞ்சுகுழியும்

கழிவுநீர்த் தொட்டி என்பது நீர் கசியாத, மூடிய தொட்டியாகும். இதில் கழிவுநீர் ஒன்று முதல் இரண்டு நாட்கள் தங்குகிறது. கனமான பொருட்கள் அடியில் கசடாகப் படிகின்றன. எண்ணெய், கொழுப்பு ஆகியவை மேலே ஆடையாக மிதக்கின்றன. இடையிலுள்ள நீர் வெளியேறுகிறது. காற்றின்றி வாழும் நுண்ணுயிர்கள் கசடின் ஒரு பகுதியைச் சிதைக்கின்றன.

இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ஐ.எசு. 2470 தரத்தின்படி, தொட்டியின் அகலம் 75 சென்டிமீட்டருக்கும், நீரின் ஆழம் 1 மீட்டருக்கும், கொள்ளளவு 1,000 லிட்டருக்கும் குறையக்கூடாது. நீளம் அகலத்தைப் போல் 2 முதல் 4 மடங்கு இருத்தல் வேண்டும். காற்றுப்போக்கிக் குழாயின் வாயில் கொசுவலை கட்டப்பட வேண்டும். வலை இல்லாத தொட்டிகளில் யானைக்கால் நோயைப் பரப்பும் கியூலெக்ஸ் கொசுக்கள் பெருகுகின்றன.

தொட்டியிலிருந்து வெளியேறும் நீர் தெளிந்து தோன்றினாலும் தூய்மையானதன்று. அதில் கரைந்த கரிமப் பொருட்களும், நோய்க் கிருமிகளும், நைட்ரசன் சேர்மங்களும் எஞ்சியுள்ளன. இந்நீரை மண்ணுக்குள் செலுத்தி மேலும் தூய்மைப்படுத்துவதே உறிஞ்சுகுழியின் பணி. இது குடிநீர்க் கிணற்றிலிருந்து 18 மீட்டரும், குடியிருப்புக் கட்டடத்திலிருந்து 6 மீட்டரும் தள்ளி அமைய வேண்டும் என்று தேசியக் கட்டட விதித்தொகுப்பு கூறுகிறது.

நடைமுறையில் அடித்தளம் பூசப்படாத ஒற்றைக் குழியையே செப்டிக் டேங்க் என்று அழைப்பதும் உண்டு. இத்தகைய குழி நெடுநாள் நிரம்பாதிருப்பதை அதன் சிறப்பாகக் கருதுவோர் உளர். உண்மையில் அது தூய்மையடையாத கழிவு நிலத்திற்குள் கசிவதன் அடையாளமாகும்.

செறிவான குடியிருப்பும் நீரின் அளவும்

தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், 2019இன்படி, உயரமற்ற கட்டடங்களுக்கான தளப்பரப்புக் குறியீடு 1.5இலிருந்து 2 ஆக உயர்த்தப்பட்டது. அதாவது மனைப் பரப்பின் இருமடங்கு வரை தளப்பரப்புக் கட்டலாம். 3 சென்ட் மனையின் பரப்பு ஏறத்தாழ 1,307 சதுர அடி. அதில் ஏறத்தாழ 2,600 சதுர அடியில் நான்கு சிறு வீடுகள் அமையக்கூடும்.

ஒரு வீட்டில் நால்வர் வசிப்பதாகவும், ஒருவர் நாளொன்றுக்கு 135 லிட்டர் நீரைப் பயன்படுத்துவதாகவும், அதில் 80 விழுக்காடு கழிவுநீராவதாகவும் கொள்ளலாம். நீரின் அளவும் விழுக்காடும் பொறியாளர்கள் வழக்கமாகக் கைக்கொள்ளும் மதிப்புகளாகும். நடுத்தர மண்ணில் ஒரு சதுர மீட்டர் குழிச்சுவர் நாளொன்றுக்கு 40 லிட்டர் நீரை ஏற்கும் எனக் கொண்டால் கணக்கு பின்வருமாறு அமையும்:

- ஒரு வீடு, 4 பேர்: நாளொன்றுக்கு 432 லிட்டர் கழிவுநீர். தேவையான குழிச்சுவர்ப் பரப்பு 10.8 சதுர மீட்டர். 1.5 மீட்டர் விட்டமும் 2.3 மீட்டர் ஆழமும் உள்ள ஒரு குழி போதும்.
- நான்கு வீடுகள், 16 பேர்: நாளொன்றுக்கு 1,728 லிட்டர் கழிவுநீர். தேவையான குழிச்சுவர்ப் பரப்பு 43.2 சதுர மீட்டர். அதே அளவில் நான்கு குழிகள் வேண்டும்.

கட்டடத்திலிருந்து 6 மீட்டர் தள்ளி ஒரு குழி அமைப்பதற்கே 3 சென்ட் மனையில் இடம் இருப்பதில்லை. நான்கு குழிகளுக்கு வாய்ப்பே இல்லை. ஆழ்துளைக் கிணறும், 2003ஆம் ஆண்டு முதல் கட்டாயமாக்கப்பட்ட மழைநீர் சேகரிப்புக் குழியும் அதே மனையில்தான் அமைகின்றன. உறிஞ்சுகுழிக்கு அருகில் மழைநீர் சேகரிப்புக் குழி இருந்தால், நிலத்தடி நீரைச் செறிவூட்டும் வழியே மாசடையும் வழியாகிவிடும். குடிநீரில் நைட்ரேட்டு லிட்டருக்கு 45 மில்லிகிராமிற்கு மேல் இருத்தலாகாது என்பது இந்தியத் தரம். நைட்ரேட்டு நிறமும் மணமும் அற்றது. கொதிக்க வைப்பதாலும் நீங்காது.

இடமின்மையால் தொட்டி நீரைத் தெருவோர மழைநீர் வடிகாலில் இணைத்துவிடுவது பரவலான வழக்கமாகும். மதுரைச் சமவெளியின் கண்மாய்கள் ஒன்றன் மறுகால் நீர் அடுத்ததற்குச் செல்லும் வகையில் சங்கிலித் தொடராக அமைந்தவை. ஆகவே வடிகாலில் விடப்படும் கழிவுநீர் ஓரிடத்தில் நிற்பதில்லை. வாய்க்கால் வழியே கண்மாய்க்கும், அங்கிருந்து கீழுள்ள பாசன நிலத்திற்கும் செல்கிறது. ஒருகாலத்தில் பாசனத்திற்குப் பயன்பட்ட கிருதுமால் நதி நகருக்குள் சாக்கடையாக மாறியது இதற்கு அறியப்பட்ட எடுத்துக்காட்டாகும்.

கசடு அகற்றல்

தொட்டியில் படியும் கசடை 2 முதல் 3 ஆண்டுகளுக்கு ஒருமுறை அகற்றுவது பொதுவான பரிந்துரையாகும். உறிஞ்சு எந்திரம் பொருத்திய கழிவுநீர் லாரிகள் இப்பணியைச் செய்கின்றன. இவற்றுட் பல தனியாருக்குச் சொந்தமானவை. இறக்குமிடம் தொலைவில் இருந்தால் லாரியின் எரிபொருள் செலவும் நேரமும் கூடுவதால், கசடைக் கண்மாயிலோ ஓடையிலோ கொட்டும் தவறான வழக்கம் தோன்றுகிறது.

தமிழ்நாடு அரசு 2014ஆம் ஆண்டில் கசடு மேலாண்மைக்கான செயல்முறை வழிகாட்டுதல்களை வெளியிட்டது. அருகருகே உள்ள உள்ளாட்சிகளை ஒன்றுசேர்த்து, அவற்றின் கசடை அண்மையிலுள்ள சுத்திகரிப்பு நிலையத்திற்குக் கொண்டுசெல்வது இதன் அடிப்படை. திருச்சிராப்பள்ளியில் கழிவுநீரேற்று நிலையங்களிலேயே லாரிகள் கசடை இறக்க வசதி செய்யப்பட்டது. கருங்குழி பேரூராட்சியில் 2017ஆம் ஆண்டில் தமிழ்நாட்டின் முதல் தனிக் கசடு சுத்திகரிப்பு நிலையம் இயங்கத் தொடங்கியது. 2022ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம் கழிவுநீர் லாரிகளுக்கு உள்ளாட்சியின் உரிமத்தைக் கட்டாயமாக்கியது.

கசடு மேலாண்மை இன்றியமையாததாயினும் அது சிக்கலின் ஒரு பகுதியே ஆகும். மேலே கண்ட நான்கு வீடுகளிலிருந்து ஓராண்டில் சேரும் கசடு ஏறத்தாழ 1.2 கன மீட்டர் என மதிப்பிடலாம். அதே ஓராண்டில் வெளியேறும் நீரோ ஏறத்தாழ 630 கன மீட்டர், அதாவது கசடைப் போல் 500 மடங்கிற்கும் மேல். உறிஞ்சுகுழி செயலிழந்து முழு நீரையும் லாரியில் அகற்ற நேர்ந்தால், 5,000 லிட்டர் லாரி மாதத்திற்குப் பத்து முறை வர வேண்டியிருக்கும்.

தொழிலாளர் பாதுகாப்பு

தொட்டிகளிலும் கழிவுநீர்க் கிணறுகளிலும் ஐதரசன் சல்பைடு, மீத்தேன் ஆகிய வளிமங்கள் தேங்குகின்றன. ஐதரசன் சல்பைடு காற்றைவிடக் கனமானது. அழுகிய முட்டை மணமுடையது. செறிவு மிகும்போது முகரும் உணர்வையே மழுங்கச் செய்வதால், மணம் இல்லாமையைப் பாதுகாப்பின் அடையாளமாகக் கொள்ளலாகாது. முதலில் இறங்கியவர் மயங்கி விழ, அவரைக் காக்க இறங்குவோரும் இறப்பது இத்தகைய விபத்துகளில் மீண்டும் மீண்டும் காணப்படுவதாகும். 2022ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் மதுரை நேரு நகரில் கழிவுநீர்க் கிணற்றில் மூன்று ஒப்பந்தத் தொழிலாளர்கள் உயிரிழந்தனர்.

மனிதக் கழிவகற்றுவோர் பணியமர்த்தத் தடை மற்றும் மறுவாழ்வுச் சட்டம், 2013, பாதுகாப்புக் கருவிகளின்றிச் சாக்கடையிலோ கழிவுநீர்த் தொட்டியிலோ ஆட்களை இறக்குவதைத் தடை செய்கிறது. இத்தகைய இறப்புகளுக்கு 10 இலட்சம் ரூபாய் இழப்பீடு வழங்க உச்ச நீதிமன்றம் 2014ஆம் ஆண்டில் ஆணையிட்டது. 2023ஆம் ஆண்டில் இத்தொகையை 30 இலட்சமாக உயர்த்தியது. எந்திரக் குழாய் உள்ளே செல்லும்படியான திறப்பும், லாரி நெருங்கி நிற்க வழியும் விட்டுத் தொட்டியைக் கட்டினால், ஆள் இறங்கும் தேவையே எழாது.

மாற்று முறைகள்

- பிரித்தல்: குளியலறை, துணி துவைக்கும் நீரைக் கழிப்பறை நீரிலிருந்து தனிக்குழாயில் பிரித்துத் தோட்டத்திற்கோ, கழிப்பறையைக் கழுவுவதற்கோ பயன்படுத்தலாம். இதனால் தொட்டிக்குச் செல்லும் நீர் பெரிதும் குறையும். கட்டும்போதே குழாய்களைப் பிரித்தல் எளிது. பின்னர் மாற்றுவது செலவு மிக்கது.
- தெளிநீர்ச் சாக்கடை: வீட்டுத் தொட்டிகளை அப்படியே வைத்துக்கொண்டு, அவற்றிலிருந்து வெளியேறும் நீரை மட்டும் சிறுவிட்டக் குழாய்களால் சேகரித்தல். கசடு வீட்டிலேயே தங்கிவிடுவதால் குழாய்களுக்கு மிகுந்த சாய்வும் ஆழமும் தேவைப்படுவதில்லை.
- பரவலாக்கப்பட்ட சுத்திகரிப்பு: ஒரு தெரு அல்லது மனைப்பிரிவு அளவில் படிவுத் தொட்டி, தடுப்பறைத் தொட்டி, செடிகள் வளர்க்கப்பட்ட சரளைப் படுகை ஆகியவற்றின் வழியே நீரைச் செலுத்துதல். இதற்கு மின்சாரம் மிகக் குறைவாகவே தேவை. மதுரையைத் தலைமையிடமாகக் கொண்ட அரவிந்த் கண் மருத்துவமனையின் புதுச்சேரிக் கிளையில் இம்முறை பயன்படுத்தப்பட்டுள்ளது. இதற்கான இடம் மனைப்பிரிவு வரைபடத்திலேயே ஒதுக்கப்படாவிடின் பின்னர் கிடைப்பது அரிது.
- அடுக்ககச் சுத்திகரிப்பு நிலையம்: 2006ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி, 20,000 சதுர மீட்டரும் அதற்கு மேலும் கட்டப்படும் திட்டங்களுக்குச் சுற்றுச்சூழல் அனுமதி தேவை, அவ்வனுமதியின்போது கழிவுநீர்ச் சுத்திகரிப்பும் ஆராயப்படுகிறது. புறநகரின் சிறு அடுக்குவீடுகள் இந்த அளவிற்கு மிகவும் கீழே உள்ளவை.

பிற நாடுகளில்

பாக்கித்தானின் கராச்சியில் 1980ஆம் ஆண்டில் அக்தர் அமீது கான் தொடங்கிய ஓரங்கி முன்னோடித் திட்டத்தில், தெருவோர் தாமே பணம் திரட்டித் தத்தம் தெருவிற்குச் சாக்கடை அமைத்துக்கொண்டனர். சப்பானில் சாக்கடை இல்லாத பகுதிகளில் சோகாசோ எனப்படும், காற்றூட்டும் வசதியுள்ள சிறு சுத்திகரிப்புக் கலன்கள் வீடுதோறும் புதைக்கப்படுகின்றன. 2001ஆம் ஆண்டு முதல், கழிப்பறை நீருடன் சமையலறை, குளியலறை நீரையும் சேர்த்துத் தூய்மைப்படுத்தும் கலன்களையே அங்கு புதிதாக நிறுவ முடியும். கசடு மட்டுமின்றி வீட்டின் முழுக் கழிவுநீரையும் கணக்கிற் கொள்ளும் அணுகுமுறைக்கு இது எடுத்துக்காட்டாகும்.

இவற்றையும் பார்க்க

- வைகை ஆறு
- கிருதுமால் நதி
- மதுரை மாநகராட்சி
- மழைநீர் சேகரிப்பு
- நிலத்தடி நீர்