பாட்டுக்குள் வந்த ஊர்

செங்கல்பட்டிலிருந்து தெற்கே ரயிலில் போனால் படாளம், அதை அடுத்துக் கருங்குழி, பிறகு மதுராந்தகம். "வள்ளலார் தண்ணீரில் விளக்கெரித்த ஊர் இதுதானே?" என்று கருங்குழி வரும்போது கேட்பவர்கள் இன்றும் உண்டு. அந்தக் கருங்குழி வேறு. அது கடலூர் மாவட்டத்தில், வடலூருக்குப் பக்கத்தில் இருக்கிறது. இந்தக் கருங்குழி, ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் கோட்டைக்காக மோதிக்கொண்ட ஊர். 1759இல் ஆங்கிலேயத் தளபதி அயர் கூட் அதைப் பிடித்தார். ஆயிரம் வருஷம் கழித்து ஒரு பழைய ஏட்டில் 'கருங்குழி' என்ற பெயர் மட்டும் கிடைத்து, அதை வைத்து எழுதியவரின் காலத்தைக் கணிக்க ஒருவர் உட்கார்ந்தால், அவர் எவ்வளவு நிதானமாக இருக்க வேண்டும்!

அப்படி ஒரு கணக்கு நிஜமாகவே நடந்திருக்கிறது. இங்கிருந்து கிழக்கே, திருக்கழுக்குன்றம் வழியாகப் போனால் மாமல்லபுரம். பூதத்தாழ்வார் அவதரித்த ஊர். ஐப்பசி அவிட்டத்தில் குருக்கத்திப் பூவில் தோன்றினார் என்பது வைணவ மரபு. முந்தின நாள் திருவோணத்தில் காஞ்சியில் பொய்கையாழ்வார். மறுநாள் சதயத்தில் மயிலையில் பேயாழ்வார். மூவரும் திருக்கோவலூர் இடைகழியில் மழைக்கு ஒதுங்கி நெருங்கி நின்றபோது பிறந்தவை மூன்று திருவந்தாதிகள். நாலாயிர திவ்யப் பிரபந்தத்தில் இவையே மிகப் பழையவை என்பதில் மரபுக்கும் ஆராய்ச்சிக்கும் பெரிய சண்டை இல்லை. எப்போது பாடியவை என்பதில்தான் சண்டை. குருபரம்பரை துவாபர யுகம் என்கிறது, அதைக் கி.மு. 4203 என்று கணக்கிட்டவர்களும் உண்டு. மொழியையும் கல்வெட்டையும் வைத்துப் பார்ப்பவர்களில் பெரும்பாலோர் கி.பி. 6, 7ஆம் நூற்றாண்டுகளை ஒட்டியே நிற்கிறார்கள். ஆழ்வார்கள் காலநிலையை ஆராய்வதற்கென்றே மு. இராகவையங்கார் ஒரு புத்தகம் எழுதினார்.

சண்டையின் நடுவே நிற்பது ஒரே ஓர் ஊர்ப்பெயர். இரண்டாம் திருவந்தாதியின் 70ஆம் பாசுரத்தில் பூதத்தார் தாம் பிறந்த ஊரை 'மாமல்லை' என்கிறார். மாமல்லன் என்பது வாதாபியை வென்ற முதலாம் நரசிம்மவர்மனின் விருது. அவன் ஆட்சி சுமார் கி.பி. 630 முதல் 668 வரை. அரசன் விருதால் ஊர் பெயர் பெற்றது என்றால், அதற்குப் பிறகுதான் பாசுரம் பிறந்திருக்க முடியும். மறுப்பவர்கள் சொல்வதும் லேசானதல்ல: ஊரின் பழைய பெயர் மல்லை, ஆழ்வார் பெருமை தோன்ற 'மா' சேர்த்துப் பாடியிருக்கலாம், அரசனுக்கு அதில் வேலையே இல்லை.

இதே மாதிரி ஒரு முடிச்சு எபிரேய வேதத்திலும் இருக்கிறது. ஆதியாகமம் 14ஆம் அதிகாரத்தில் ஆபிரகாம் பகைவரைத் தாண் என்னும் ஊர் வரை துரத்துகிறார். தாண் அவருடைய பேரனான யாக்கோபின் மகன். அந்த ஊருக்கு முன்பு லாயீஸ் என்று பெயர் இருந்ததையும், தாண் கோத்திரத்தார் பல தலைமுறை கழித்து அதைப் பிடித்துத் தங்கள் முன்னோர் பெயரை வைத்ததையும் நியாயாதிபதிகள் 18ஆம் அதிகாரமே சொல்கிறது. மோசே காலத்திலும் அந்தப் பெயர் இல்லை. அப்படியானால், மரபு சொல்வதுபோல் ஆதியாகமம் முதல் உபாகமம் வரையான ஐந்து ஆகமங்களையும் மோசேதான் எழுதினாரா? உபாகமத்தின் கடைசியில் மோசேயின் மரணமே எழுதப்பட்டிருக்கிறதே? 12ஆம் நூற்றாண்டில் இபின் எஸ்ரா என்ற யூத அறிஞர் இப்படிச் சில இடங்களைப் பூடகமாகத் தொட்டுக்காட்டி, புரிந்தவர் பேசாமல் இருக்கட்டும் என்று நிறுத்திக்கொண்டார். 1670இல் ஸ்பினோசா வெளிப்படையாக எழுதினார். பின்னர் வந்தவர்கள் ஐந்து ஆகமங்களும் பல கைகள் பல காலத்தில் எழுதிச் சேர்த்தவை என்று நிறுவினார்கள். எந்தப் பகுதி யாருடையது என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை. எபிரேய வேதத்தில், நியாயாதிபதிகளில் வரும் தெபோராளின் பாட்டு போன்ற சில துண்டுகள் மிகப் பழையவை. ஆகமங்கள் ஏறக்குறைய இன்றைய உருவத்துக்கு வந்தது பாரசீகர் ஆட்சியை ஒட்டி, கி.மு. 5ஆம் நூற்றாண்டுவாக்கில் என்பது பலர் ஏற்கும் கருத்து.

எபிரேய வேத வரிகளில் இன்று கையில் கிடைத்திருப்பதில் மிகப் பழையது, 1979இல் எருசலேமில் ஒரு கல்லறைக் குகையில் எடுத்த இரண்டு வெள்ளித் தகடுகள். தாயத்துபோல் சுருட்டியவை. பெரியதை விரித்தால் 10 செ.மீ. நீளம்கூட இல்லை. எண்ணாகமம் 6ஆம் அதிகாரத்தின் ஆசீர்வாதச் சொற்கள் அதில் கீறப்பட்டிருக்கின்றன. காலம் கி.மு. 600ஐ ஒட்டியது.

மாமல்லைக்கு வருவோம். 'மா' என்ற ஓரெழுத்தை மட்டும் நம்பித் தீர்ப்புச் சொல்ல எனக்குத் துணிவில்லை. பாடல்களின் குணம் அதைவிட உறுதியான சாட்சி. முதலாழ்வார் மூவரிடமும் சமணர், பௌத்தர் மேல் பிற்காலத்தில் எழுந்த கடுமை இல்லை. பேயாழ்வார் திருமலையில் தாழ்சடையோனையும் திருமாலையும் ஒரே உருவமாகக் காண்கிறார். சமயப் பூசல் முற்றிய பிறகு இந்த மனம் வாய்ப்பது அரிது. ஆகவே அந்தப் பூசல் மூளும் முன், 6ஆம் நூற்றாண்டின் கடைசியிலோ 7ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலோ இவர்கள் பாடினார்கள் என்றே நான் கருதுகிறேன்.

பாடிய காலம் ஒன்று, தொகுத்த காலம் வேறு. எருசலேம் ஆலயத்தைப் பழுதுபார்க்கையில் நியாயப்பிரமாணச் சுருள் அகப்பட்டதாக ராஜாக்கள் புத்தகம் சொல்கிறது. யோசியா மன்னன் காலம், சுமார் கி.மு. 622. தில்லையில் பூட்டிய அறைக்குள் செல்லரித்த தேவார ஏடுகள் கிடைத்த கதையைக் கேட்டு வளர்ந்த நமக்கு இது புதிதல்ல. வைணவத்தில் காட்டுமன்னார்கோயில் நாதமுனிகள். 'ஆராவமுதே' பதிகத்தைக் கேட்டு, மிச்சம் எங்கே என்று தேடிக் குருகூர் போனார். 'கண்ணிநுண் சிறுத்தாம்பை' 12,000 முறை ஓதி, நம்மாழ்வாரிடம் நாலாயிரத்தையும் பெற்றார் என்கிறது மரபு. அவர் காலம் 10ஆம் நூற்றாண்டை ஒட்டியது. பூதத்தார் பாடி ஏறக்குறைய முந்நூறு வருஷம் ஆகியிருக்கும்.

அந்த முந்நூறு வருஷமும் நூறு வெண்பா எப்படிச் சிதறாமல் வந்தது? பாதிப் பதில் அந்தாதி என்ற அமைப்பிலேயே இருக்கிறது. ஒரு பாட்டின் முடிவு அடுத்த பாட்டின் தொடக்கம். நடுவே ஒன்று விழுந்தால் அறுந்த இடம் உடனே தெரிந்துவிடும். எபிரேயர் இதற்கு அகரவரிசையைக் கையாண்டார்கள். 145ஆம் சங்கீதத்தின் அடிகள் அவர்களுடைய 22 எழுத்துகளின் வரிசையில் தொடங்கும். ஆனால் மரபாக வந்த எபிரேயப் பாடத்தில் 'நூன்' எழுத்துக்குரிய அடி மட்டும் இல்லை. எழுத்து வரிசை இருந்ததால்தான் இழப்பே தெரிந்தது. 1956இல் சாக்கடல் ஓரத்துக் கும்ரான் குகை ஒன்றில் அகப்பட்ட தோல்சுருளில் அந்த அடி இருந்தது.